நின்றதுபோல் தோன்றும் எஞ்சின்

லண்டனின் மிச்சம் பகுதியில் பொழுது புலரும்போது யசோதினியின் விரல்கள் ஏற்கெனவே கிறீஸில் கறுத்திருக்கும். தைமாதக் குளிர் வாகனம் திருத்தும் ஷெட்டின் தகரக் கூரை வழியே இறங்கி, சிமெந்துத் தரையில் தங்கி, சப்பாத்துக்குள் ஏறும். பொதி ஏற்றும் வானின் மூக்குக்குள் தலையை விட்டு, துருப்பிடித்த நட்டுகளை நெம்பிக் கழற்றி, பழைய டைனமோவை நெஞ்சோடு அணைத்து வெளியே எடுக்கவேண்டும். அந்த இடத்தில் புது மோட்டாரைத் தூக்கிப் பூட்டவேண்டும். அது ஒரு சிறு பிள்ளையின் பாரம் இருக்கும். பூட்டி முடிக்கையில் முதுகு நிமிர மறுக்கும்.

அந்த மோட்டாரில்தான் ஷெட் முதலாளி சிவானந்தன் அண்ணையின் வியாபாரம் ஓடியது. சிவப்பு லைற்றில் வான் நின்றதும் எஞ்சின் தானாக உறங்கிவிடும். சாரதி பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் பெல்ற்றைச் சுண்டி அதை எழுப்பிவிடும். பற்றறி இறங்கினாலும் எழுப்பும். நிற்கும் நேரத்தில் டீசல் எரியாது. பொதி விநியோகக் கம்பனிகள் பழைய வான்களை வரிசையாகக் கொண்டுவந்து விட்டன. முதல் வான் மூச்சடங்கி, பிறகு உதறலே இல்லாமல் எழும்பியபோது யசோதினியும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டியவள்தான். நல்ல யோசனை என்றே இப்போதும் நினைக்கிறாள்.

எஞ்சினை மூடும் பொனெற் திறந்திருந்தால் எஞ்சின் எழும்பக்கூடாது. அதற்கென்று பொனெற்றின் விளிம்பில் ஒரு சின்னச் சுவிச் இருந்தது. பொனெற்றை மூடித்தான் எஞ்சினைச் சோதிக்கவேண்டும். பிழை கண்டால் திறந்து, திருத்தி, மறுபடி மூடவேண்டும். அதற்கு நேரம் பிடித்தது. வெளியே வான்கள் காத்து நின்றன.

"சுவிச்சை அமத்திக் கட்டிவிடுங்கோ. பொனெற் மூடியிருக்கு எண்டு அது நினைச்சுக்கொள்ளும்" என்றார் சிவானந்தன்.

கட்டினார்கள். யசோதினி, பெனடிக்ற், வயர் வேலை பார்க்கும் றஜீவ், கானாவிலிருந்து வந்த கோஃபி, நால்வருமே கறுப்புப் பிளாஸ்ரிக் பட்டியால் கட்டினார்கள்.

அது நடந்த அன்று டோர்ச் பிடித்தவள் அவள். பெல்ற் கீச்சிடுகிறது என்று பெனடிக்ற் குனிந்தார். எஞ்சின் அடங்கிக் கிடந்தது.

"சத்தமில்லைத்தானே, யசோ?"

"இல்லை அண்ணை."

அவர் கையை உள்ளே விட்டார். எஞ்சின் விழித்தது.

அதற்குப் பிறகு அவளுக்குச் சத்தம் பயமில்லை. சத்தம் நிற்பதுதான் பயம். லண்டன் பஸ்களும் லைற்றில் எஞ்சினை அணைத்துக்கொள்ளும். பஸ் நிறைய ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் இரு கைகளையும் கக்கத்துக்குள் ஒளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அது எழும்புவதற்குக் காத்திருப்பாள். வீட்டில் பிரிட்ஜின் மோட்டார் நின்றால் சமைக்கும் கை அப்படியே நின்றுவிடும். அந்த அமைதிக்குள் யாரோ மெதுவாகக் கேட்பார்: சத்தமில்லைத்தானே, யசோ?

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெனடிக்ற்றின் வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. காயக்கட்டைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அந்தக் கை இன்னும் ஸ்பனரைப் பிடிச்சபடி கிடக்கு, பிள்ளை. விரலெல்லாம் உளையுது. விடு விடு எண்டு சொல்லிப் பாக்கிறன், விடுகுதில்லை."

"நான்தானே அண்ணை சத்தமில்லை எண்டு சொன்னனான்."

"சத்தம் இல்லைத்தானே. நீ பொய் சொல்லேல்லையே." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சிவானந்தன் என்ன சொல்லுறான்?"

சிவானந்தன் என்ன சொல்லுகிறார் என்பது அடுத்த நாள் காலையில் தெரிந்தது. அலுவலக அறைக்குள் அவளைக் கூப்பிட்டு, தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"இண்டைக்கு வேலையிடப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வாறா, தங்கச்சி. நீங்கள்தானே பக்கத்திலை நிண்டனீங்கள். பெனடிக்ற் தன்ரை பாட்டுக்குச் சுவிச்சைக் கட்டினவர் எண்டு சொல்லுங்கோ. மற்ற வான்களிலை இருக்கிற கட்டுகளை இப்பவே வெட்டி எறியச் சொல்லுங்கோ."

"நீங்கள் சொல்லித்தானே அண்ணை கட்டினனாங்கள்."

"நான் சொன்னதை ஆர் கண்டது?" அவர் குரல் இறங்கியது. "நானும் இந்த நாட்டுக்கு வெறுங்கையோடை வந்தவன். பெற்றோல் ஸ்டேசனிலை நிண்டு, கோழிக்கடையிலை நிண்டு கட்டின ஷெட் இது. இதைப் பூட்டினால் நீங்கள் எல்லாரும் எங்கை போவியள்? அவருக்கு நடந்தது நடந்துபோச்சு."

"நீங்கள் வெறுங்கையோடை வந்தனீங்கள், அண்ணை. ரெண்டு கையும் இருந்தது."

கோப்பையைத் தொடாமலே அவள் எழுந்து வந்தாள்.

ஷெட்டுக்குள் வான்கள் வாயைப் பிளந்தபடி நின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் அந்தக் கறுப்புப் பிளாஸ்ரிக் கட்டு. அவற்றில் ஒன்று அவள் கட்டியது. அந்த இடத்திலேயே நின்று, சிவானந்தன் சொன்னதை றஜீவிடம் சொன்னாள். கோஃபிக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

போன மாதம்தான் றஜீவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. "நாங்களும் கட்டினனாங்கள் எண்டு சொன்னால் எங்களையும்தானே பிடிப்பினம், அக்கா?"

"பிடிச்சாலும் பிடிப்பினம். எனக்குத் தெரியாது, றஜீவ்."

"பெனடிக்ற் அண்ணை தனியத்தான் கட்டினவர் எண்டு சொன்னால்?"

"அவருக்கு நட்டஈடு ஒரு சதமும் கிடைக்காது. நாளைக்கு உன்ரை கையை அதுக்குள்ளை விடச் சொல்லுவினம்."

கோஃபி தன் வானின் முன்னால் போய், முதுகை அதில் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். றஜீவ் கையிலிருந்த ஸ்பனரை மேசையில் வைத்துவிட்டு அடுத்த வானின் முன்னால் போனான். யசோதினி பெனடிக்ற்றின் வானுக்குப் போனாள்.

சிவானந்தன் கையில் வயர் வெட்டும் குறட்டோடு வெளியே வந்தார். "என்ன, வேலை நிக்குது?"

"சுவிச்சைக் கட்டிக்கொண்டு இனி வேலையில்லை, அண்ணை" என்றான் றஜீவ். "கட்டினதை வெட்டவும் மாட்டம். வாறவ பாக்கட்டும்."

"என்ரை ஷெட்டுக்குள்ளை நிண்டு எனக்கே சொல்லுறியோ? நானே வெட்டுவன். தள்ளு."

றஜீவ் தள்ளவில்லை. அவர் கோஃபியிடம் திரும்பினார். அவன் அவரைவிட ஒரு தலை உயரம். யசோதினியிடம் வந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு இந்தக் கதவு திறபடாது. விளங்குதோ?"

"விளங்குது. கதவுக்கு வெளியிலை நாங்கள் நிப்பம்."

அவள் விலகவில்லை. சிவானந்தனின் கையில் குறடு வாய் திறந்தபடியே இருந்தது.

வெளியே ஒரு கார் வந்து நின்றது. மஞ்சள் மேற்சட்டை போட்ட பெண் ஒருத்தி இறங்கி, மழையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். வான்களைப் பார்த்தாள். அவற்றின் முன் நின்றவர்களைப் பார்த்தாள். குனிந்து, பெனடிக்ற்றின் வானிலிருந்த கட்டை டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

"இதை யார் கட்டினது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

யசோதினி கையை உயர்த்தினாள். வேலை போகும், வாடகை நிற்கும், ஒருவேளை வழக்கும் வரும். உயர்த்திய கை காற்றில் தனியே நிற்பதுபோல் இருந்தது. பிறகு இடப்பக்கத்தில் ஒரு சட்டைக்கை சரசரத்தது. வலப்பக்கத்தில் இன்னொன்று.

"நாங்கள் எல்லாரும் கட்டினோம்" என்றாள் அவள், அந்தப் பெண்ணின் மொழியில். "யார் கட்டச் சொன்னது என்றும் சொல்லுகிறோம். எழுதிக்கொள்ளுங்கள்."