மர்வா எதைப் பார்த்துப் படிக்கிறாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. நாலு வரியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கேட்டவள் வேணி, என்னோடு கல்லூரியில் படித்தவள். லப்பைக்குடிக்காட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அரியலூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் என் வீடு தேடி வந்தவள், கொடுத்த காபியைத் தொடாமல் கேட்டாள்:

“வளரு, முந்நூறு பக்க நாவலை மூணு மாசத்துல எழுதிடுற. சவூதியில, தம்மாம்ல இருக்கற ஒரு மனுஷனுக்கு நாலு வரி எழுதித் தரமாட்டியா?”

செய்தி இவ்வளவுதான்: உங்கள் மகளுக்கு இன்னும் சரியாக வாசிக்க வரவில்லை, வருகிறது என்று வெள்ளிக்கிழமை நான் சொன்னது பொய்.

இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். இன்று புதன். செய்தி ‘அஸ்ஸலாமு அலைக்கும், நான் மர்வாவின் டீச்சர்’ என்பதைத் தாண்டவில்லை. கை மட்டும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால் இது.

2

முதல் தொடக்கம்:

‘தம்மாமின் அந்தி வானத்தைப் பார்த்தபடி அன்சார் தன் மனைவியின் புகைப்படத்தை எடுத்தபோது அவன் கண்கள்—’

(அடித்துவிட்டேன். என் இருபத்திரண்டு நாவல்களிலும் கதாநாயகன் எங்காவது ஒரு பக்கத்தில் இப்படிப் பார்த்திருக்கிறான். நிஜ அன்சாருக்கு அந்த நேரம் கிடங்கில் பெட்டி இறக்கும் வேலை.)

இரண்டாவது:

‘ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஆயிஷா பீவி—’

(பிடிக்கவில்லை. அவள் கையில் மகளின் தமிழ்ப் புத்தகம் இருந்தது.)

சரி, நேராகவே சொல்கிறேன். மர்வாவுக்கு ஏழு வயது. அன்சார், ஆயிஷா பீவியின் ஒரே பிள்ளை. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் அவள் தமிழ்ப் பாடத்தைத் தானாக வாசித்தாக வேண்டும் என்பது அன்சாரின் நிபந்தனை. வாசிக்காவிட்டால் ஜூன் மாதம் திருச்சியில் அவர் அக்காள் வீட்டில் தங்கி, அங்கே பெரிய பள்ளிக்கூடத்தில் படிப்பாள். ஆயிஷாவுக்கு வருஷத்தில் பத்து மாதம் புருஷன் பக்கத்தில் இல்லை. மகளும் போய்விட்டால்—

(வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியும். ரொம்ப நன்றாகவே தெரியும். வேண்டாம்.)

3

ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. வேணியின் வகுப்பில் கரும்பலகைக்கு மேலே இந்த ஆறு ஜோடிகளும் ஒட்டியிருக்கின்றன. தனி எழுத்துகளை அழகாக வாசித்துக்கொண்டு வரும் பிள்ளை, ஜோடி வந்ததும் நின்றுவிடும். இரண்டையும் தனித்தனியே தெரியும். ஒட்டிச் சொல்ல வராது.

அதற்கு வேணி ஒரு வழி வைத்திருந்தாள். எழுத்தைக் குச்சியால் தொடுவாள்; சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைப்பாள். ம்ப என்றால் உதடு மூடித் திறக்கும். ந்த என்றால் நாக்கு பல்லைத் தொடும். ண்ட என்றால் நாக்கு மேலே மடியும். பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துக் கூவுவார்கள். வகுப்பே பாட்டுக் கச்சேரி மாதிரி இருக்கும். பெற்றோர் கூட்டத்திலும் செய்து காட்டி, வீட்டிலும் இப்படியே பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

(ங்க மட்டும் வெளியே தெரியாது. அது தொண்டைப் பக்கம் பிறக்கிறது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.)

4

அன்சாரை முதலில் கெட்டவராக எழுதினேன். வசதியாக இருந்தது. போனில் அதட்டினார், பெண் பிள்ளைதானே என்றார், ஆயிஷா அழுதாள். வேணிக்கு வாசித்துக் காட்டினேன்.

“அந்த மனுஷன் கத்தி நான் கேட்டதே இல்லடி,” என்றாள்.

அன்சாருக்கு எழுத்து வராதாம்; வாட்ஸ்அப் செய்தியைக்கூட அறையில் கூட இருப்பவர்கள்தான் வாசித்துக் காட்டுவார்களாம். சவூதிக்குப் போன புதிதில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, மூன்று வருஷம் ஊருக்கு வரமுடியாமல் கிடந்திருக்கிறார். மர்வா பிறந்ததையும் நடை பழகியதையும் போனில்தான் பார்த்தார். மகளை அம்மாவிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லை. எழுத்துத் தெரியாதவளாக அவள் வளர்ந்துவிடுவாளோ என்ற பயம்தான்.

கெட்டவர் போய்விட்டார். எழுந்து, மடித்து வைத்திருந்த துணியை மறுபடி பிரித்து மடித்தேன்.

5

பொய் சொன்ன வெள்ளிக்கிழமை.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அன்சார் வீடியோவில் வருவார். மர்வா வாசித்துக் காட்டுவாள். பரீட்சை நெருங்குகிறதே, டீச்சரும் கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார். வேணி போனாள். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, அதற்குப் பின்னால் ஆயிஷா உட்கார்ந்தாள். வேணி அவள் பக்கத்தில்.

பம்பரம். வண்டி. பந்து. மர்வா வேகமாக வாசித்தாள். வகுப்பில் இவ்வளவு வேகமாக வாசித்ததில்லையே என்று வேணிக்கு முதலில் பூரிப்பு. பிறகுதான் கவனித்தாள். தனி எழுத்துக்குக் கண் புத்தகத்தில் இருக்கிறது. ஜோடி வந்ததும் மேலே போகிறது. மேலே ஆயிஷாவின் வாய் அசைகிறது.

ஏமாற்றுகிறோம் என்று ஆயிஷாவுக்குத் தெரியாது. டீச்சர் சொன்னபடி பழக்கிக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் பால் பொங்கியது. ஆயிஷா எழுந்து ஓடினாள். மர்வா ‘க’ சொன்னாள். நின்றாள்.

“என்னம்மா, நெட்டு போயிருச்சா?” என்றார் அன்சார்.

மர்வாவின் கண் மேலே வந்தது. அம்மா இல்லை. பக்கத்தில் வேணி. என் தோழி உதட்டை மூடித் திறந்தாள்.

“கம்பளி,” என்றாள் மர்வா.

“டீச்சர், இவ தானாப் படிக்கிறாளா?”

“தானாத்தாங்க படிக்கிறா.”

“அப்ப அக்காகிட்ட வேணாம்னு சொல்லிடுறேன்.”

6

வியாழன். முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

செய்தி போகிறது. அன்சார் மனம் உருகி முதல் விமானத்தைப் பிடித்து— (அவருக்கு லீவு மே மாதம்தான். விமானத்தை ரத்து செய்தேன்.)

செய்தி போகவில்லை. மே மாதத்துக்குள் மர்வா கற்றுக்கொண்டுவிடுகிறாள். இதை நான் நம்ப விரும்பினேன். ஆனால் திங்கள் முதல் வேணி மாலையில் அவளை நிறுத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கச் சொல்கிறாள். மர்வா திரும்பித் திரும்பிப் பார்க்கிறாளாம். நேற்று ஒரு மணி நேரத்தில் பதினோரு வார்த்தை. தடுமாறாமல் வந்த ஒரே ஜோடி, வாயில் தெரியாத அந்த ங்க.

செய்தி போகிறது, ஜூன் வருகிறது, திருச்சி பஸ்ஸில் மர்வா ஜன்னல் ஓரம்— (முடியவில்லை.)

வேணி நேற்றே ஆயிஷாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். செய்தி அனுப்பப் போவதையும். ஆயிஷா கேட்டாளாம்:

“நீங்கதானே டீச்சர் வாயைக் காட்டச் சொன்னீங்க. எம்புள்ளைய அனுப்பிட்டு நான் இங்க யாருக்குக் காட்டுறது?”

ஆயிஷாவிடம் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாமோ என்று வேணி என்னிடம் போனில் அழுதாள். மறைத்துவிட்டால் மூணாம் வகுப்பில் யார் வாயைக் காட்டுவார்கள் என்று அவளே பதிலும் சொன்னாள்.

7

இந்தக் கதைக்குள் நான் வருவதாக இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் வேணி, ஆயிஷா வீட்டுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்றாள்.

பஸ்ஸில் நாலு வரியையும் ஒருவழியாக முடித்துக் காட்டினேன். வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. உன் நாவல்ல வர்றவ எழுதுன மாதிரி இருக்கு.”

அனுப்பவில்லை.

ஐந்து மணி. ஆயிஷா எங்களைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னாள்: உட்காருங்க. எனக்கு வாசல் ஓரம் ஒரு நாற்காலி. போன் அடித்தது. குடத்தில் சாய்த்து வைத்த ஆயிஷா, அதற்குப் பின்னால் போகவில்லை. சுற்றி வந்து மகள் பக்கத்தில், கேமராவில் தெரியும்படி உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

“மச்சான், இன்னிக்கு நான் இங்க உக்காந்துக்குறேன். இத்தனை நாளா நான் வாயைக் காட்டுனேன், இவ அதப் பாத்துச் சொன்னா. இன்னிக்கு இவளாப் படிப்பா. நேரமாவும். போனை வைக்காமக் கேளுங்க.”

“நானும் காட்டினேங்க,” என்றாள் வேணி. “போன வாரம் தானாப் படிக்கிறான்னு சொன்னது பொய்.”

அன்சாரின் படம் உறைந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. அவர் கண் சிமிட்டினார்.

மர்வா விரலை வைத்து ஆரம்பித்தாள். முதல் வரிக்கு நாலு நிமிடம். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கியது. இரண்டாவது வரியில், ஒரு ஜோடியின் மேல் விரல் நின்றிருக்கிறது. பக்கத்தில்தான் அம்மா, திரும்பவில்லை. ஆயிஷா தரையைப் பார்க்கிறாள். வேணி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருக்கிறாள். அன்சார் இன்னும் போனை வைக்கவில்லை.

அவர் என்ன சொல்வார் என்று எழுத என்னால் முடியும். இருபத்திரண்டு முறை எழுதியவள்தானே. அதனாலேயே என்னை நம்பாதீர்கள். எனக்குப் பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது, எழுந்துகொள்கிறேன். நாற்காலி காலிதான். நீங்கள் வந்து உட்காருங்கள்.

வாயை மட்டும் அசைத்துவிடாதீர்கள்.