கப்பல் படிப்பு

நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படப் புத்தகத்தைக் கண் டாக்டர் திறந்ததும் ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். முதல் பக்கத்துக்குப் பன்னிரண்டு என்றான். அந்த எண் மட்டும் அவன் கண்ணுக்கு நிஜமாகவே தெரிந்தது. அடுத்த பக்கத்திலிருந்து வெறும் புள்ளிகள்தான். எட்டு, இருபத்தொன்பது, ஐந்து என்று மனப்பாடத்திலிருந்து சொல்லிக்கொண்டே போனான். திடீரென்று டாக்டர் சில பக்கங்களைச் சேர்த்துத் தள்ளினார். மூலையில் இருந்த பக்க எண்ணைப் பார்த்துச் சமாளித்தான். அக்கா லூர்து பக்க எண்ணோடு சேர்த்துப் படிக்க வைத்திருந்தாள்.

கப்பல் வேலைக்குத் தகுதி என்று முத்திரை விழுந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா சிலுவையம்மாள் சான்றிதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்பா லூயிஸ் துறைமுகத்தில், கப்பல்களை இழுத்து வரும் டக் படகில் கயிறு வீசுகிறவர். பெரிய கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் ஆபீசர்களை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வந்துவிட்டது என்று அம்மா கேலி செய்வாள். லூர்து கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு டோல்கேட் பக்கம் ஒரு செல்போன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சேர்ந்தபோதும் வேலை நிச்சயம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதனால் தம்பி எதைப் படிப்பது என்ற பேச்சு வந்தாலே ராயபுரத்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. புள்ளியியல் படிக்கிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அதுக்கு இன்னா வேலை கீது என்று அம்மா கேட்டாள். அதன் பிறகு அப்பா ஆசைப்பட்டபடி கப்பல் ஆபீசர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினான், இடமும் கிடைத்தது.

மருத்துவச் சோதனை எப்படி இருக்கும் என்று லூர்து போனில் தேடியபோதுதான் அந்தப் புள்ளிப் படங்கள் வந்தன. அவளுக்குப் பளிச்சென்று தெரிந்த எண்கள் அவனுக்குத் தெரியவில்லை. நிறம் பிரித்தறிய முடியாதவர்களைக் கப்பல் ஆபீசராக எடுப்பதில்லை என்றும் அதில் போட்டிருந்தது. அம்மா அப்பாவிடம் மூச்சு விடாதே என்றாள் லூர்து.

சான்றிதழ் வந்த அன்று சாயங்காலம் அப்பா அவனைக் காசிமேட்டுக் கடலோரத்துக்குக் கூட்டிப்போனார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு படகு.

"அது எங்க போவுது, சொல்லுங்க ஆபீசரு" என்று சிரித்தார்.

சின்ன வயதிலிருந்து கேட்ட பாடம்தான். படகு விளக்கில் பச்சையோ சிவப்போ தெரிந்தால் குறுக்கே வருகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால் விலகிப் போகிறது.

"வெள்ளையாத்தான் கீது. தூரப் போவுது நைனா."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "கீழ பச்சை எரியுதேடா."

கண் கூசுது என்று ஏதோ சொன்னான். படகு பெரிதாகிக்கொண்டே வந்து அவர்கள் முன்னால் குறுக்கே கடந்தது.

வீட்டுக்கு வந்ததும் லூர்துவிடம் நடந்ததைச் சொல்லி, கப்பல் படிப்பு வேண்டாம் என்றான். ரேடார் கீது, கூட ஆள் கீது, நீ ஒத்தையாவா ஓட்டப் போற என்று அவள் அடக்கிய குரலில் சீறினாள். பிறகு குரல் உடைந்தது.

"படிச்சிட்டு நான் நிக்கிற எடத்துல நீயும் வந்து நிக்காதடா."

"நான் தப்பா சொன்னா கூட கீறவங்க சாவாங்கக்கா."

சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் சொல்லிவிட நினைத்தான். புதுச் சட்டையைப் பற்றி அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அப்பா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.

மறுநாள் காலை அப்பா சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். அம்மாவும் அப்பாவும் அவனும் பஸ் பிடித்துக் கப்பல் காலேஜில் சேரப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சான்றிதழைக் கேட்டார். அம்மா பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"எனக்கு கலர் சரியா தெரியாது சார்" என்றான் ஸ்டானிஸ்லாஸ். "மனப்பாடம் பண்ணி சொன்னேன்."

அம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. அதிகாரி அவனைக் கடுமையாகத் திட்டினார். அங்கேயே இருந்த டாக்டரிடம் அனுப்பி மறுபடி பார்க்கச் சொன்னார். இரண்டாவது பக்கத்திலேயே எல்லாம் முடிந்தது. திரும்பும் பஸ்ஸில் அம்மா தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அதற்குள் பல கல்லூரிகளில் சேர்க்கை முடிந்துவிட்டது. அலைந்து திரிந்து ஓர் அரசு கலைக்கல்லூரியில் புள்ளியியலில் மிச்சமிருந்த இடம் கிடைத்தது. அம்மா மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினாள். லூர்து மட்டும் பேசவே இல்லை.

ஆனால் வகுப்பு தொடங்கிய முதல் நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனோடு வந்தாள். கல்லூரி வாசலில் நின்று, முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"வேலைய பத்தி கடைசி வருசத்துல யோசிக்காத. நான் அப்படித்தான் ஏமாந்தேன். இன்னிக்கே சீனியருங்க எங்க வேலைக்குப் போனாங்கனு விசாரி."

சரி என்றான். அவள் பஸ் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனான்.