வெறும் செய்தி போகுமா?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. எனக்குத் தெரிந்த வாரப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், "வெளிநாடு போறவங்க மின்னஞ்சல், செய்தி எல்லாம் பாக்க எந்தக் கைக்கருவி வாங்கலாம்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. உங்க அக்காவுக்கு இப்பதானே வாங்கினீங்க?" என்று கேட்டார். வாங்கினோம்தான். உற்சாகமாக உட்கார்ந்தேன்.

முதல் வரி: "கருவி வாங்குமுன் கவனிக்க வேண்டியது பேட்டரி." தூக்கம் வந்தது, வெட்டிவிட்டேன்.

அடுத்தது: "என் அக்கா ஒரு சரியான சண்டைக்காரி." இதையும் வெட்டினேன். நான் எழுதுவதை எல்லோருக்கும் முன்னால் படிப்பவள் அவள்தான்.

அதற்கடுத்தது: "தோற்றுப்போவதற்கு வசதியான கருவி எது?"

இந்த வரி அசைய மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. கட்டுரைக்கு அங்கேயே மூச்சு நின்றது. ஆசிரியர் மன்னிக்கட்டும்.

2

அக்காவுக்கு வேலை பல் செய்வது. பிடுங்குவது இல்லை, கட்டுவதும் இல்லை. மருத்துவர் அனுப்பும் அச்சைப் பார்த்து, பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து செயற்கைப் பல் வார்ப்பது. அவள் புருஷன், அதாவது என் மாமா, பேருந்து ஓட்டுநர். வாழ்நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "காபி இருக்கா?" என்று அவர் கேட்டாலே பக்கத்து வீட்டில் அடுப்பு பற்றவைப்பார்கள்.

இவர் குரலை உயர்த்தினால் சுவர் அதிரும், அக்கா வாயைத் திறந்தால் அழுகை முந்திக்கொள்ளும். அதனால் கல்யாணமான புதிதிலேயே இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சண்டை என்றால் வாயால் கிடையாது, போனில் செய்தியாக மட்டும்தான். இவர் கூடத்தில், அவள் படுக்கையறையில். நடுவில் ஒரு கதவு. டிங், டிங், டிங்.

(இதை நான் கற்பனை செய்ததாக நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.)

சண்டைக்குச் சட்டங்களும் உண்டு. தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் ஒன்றுமே எழுதாமல் வெறும் செய்தி ஒன்றை அனுப்ப வேண்டும். ஜெயித்தவர் அதற்கு "சாப்பிட வா" என்று பதில் போட வேண்டும். அதுவரை இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்காரக் கூடாது, நின்றபடிதான் சாப்பாடு. சண்டை ஓயும்வரை போனில் பேசவும் கூடாது. இன்னொன்று, நடுவில் தரகர் வரக் கூடாது. ஒருதரம் பாவம் பார்த்து நான் சமாதானம் பேசப் போனேன். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் கட்சி சேர்ந்துகொண்டு என்னைப் பிடிபிடி என்று பிடித்தார்கள்.

இத்தனை வருஷத்தில் வெறும் செய்தி அனுப்பியது எப்போதும் மாமாதான். அக்கா ஒரு தடவைகூட அனுப்பியதில்லை.

3

இப்போதைய சண்டை. வெளிநாட்டில் ஒரு பெரிய பல் கூடத்தில் அக்காவுக்கு ஒரு வருஷ வேலை கிடைத்தது. அவள் போவதில் மாமாவுக்கு வருத்தமில்லை. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆனால் அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் அவரிடம் சொன்னாள். அங்கேதான் சுருக்கென்று தைத்துவிட்டது.

"சொல்லிட்டு கையெழுத்து போடறதா, போட்டுட்டு சொல்றதா?" டிங்.

"சொன்னா நீங்க யோசிக்கலாம்னு சொல்லுவீங்க. நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்." டிங்.

பயணம் நெருங்கியது. வெறும் செய்தி இந்தப் பக்கமிருந்தும் இல்லை, அந்தப் பக்கமிருந்தும் இல்லை. இந்த லட்சணத்தில்தான் அக்கா என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

4

கடைக்காரருக்கு முதலில் ஒரு மீசை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அவர் பேச்சே போதும்.

"மேடம், இது பாருங்க. மின்னஞ்சல், செய்தி, நாள்காட்டி எல்லாம் ஒண்ணுலயே. எந்த நாட்டுக்குப் போனாலும் ஓடும்."

முதல் கருவியில் தமிழ் கட்டம் கட்டமாக வந்தது, தள்ளிவைத்தாள். இரண்டாவதில் பட்டன்கள் கடுகளவு. "நான் பல்லுல பள்ளம் வெட்டறவ, எனக்கே இது கைக்கு வரல" என்றாள்.

மூன்றாவது பார்க்க லட்சணமாக இருந்தது. கடைக்காரர் திரையின் துல்லியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது அக்கா குறுக்கே கேட்டாள்.

"இதுல வெறும் செய்தி போகுமா?"

"வெறும்னா?"

"ஒண்ணும் எழுதாம."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் அழுத்திப் பார்த்தார். 'செய்தியில் எதுவும் இல்லை. அனுப்பவா?' என்று அது கேட்டது.

"வேணாங்க. இது கேள்வி கேக்குது. கேள்வி கேட்டா நான் மனசு மாறிடுவேன்."

நாலாவது கருவி கொஞ்சம் தடிமன், நிறமும் சுமார்தான். ஆனால் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது, வெறும் செய்தியை மறுபேச்சுப் பேசாமல் அனுப்பியது. அக்கா என் போனுக்கு அனுப்பிப் பார்த்தாள், மறுபடி அனுப்பினாள், இன்னொரு முறையும் அனுப்பினாள். என் போனில் வெறும் செய்திகளாக வந்து விழுந்தன. வாழ்க்கையில் அக்கா என்னிடம் தொடர்ச்சியாகத் தோற்ற ஒரே நாள் அதுதான். எனக்கு வாயெல்லாம் பல்.

வீடு திரும்பிய பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஒருநாளும் வெறும் செய்தி அனுப்பாதவளுக்கு அது போகுமா என்று என்ன அக்கறை? போய் இறங்கியதும் அவளே தோற்றுப்போவதாக முடிவு செய்திருக்கிறாள்!

[இங்கே "அவள் கண்ணில் ஓர் ஈரம்" என்று ஒரு வாக்கியம் எழுதி எடுத்துவிட்டேன். ஈரம் கீரம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் கடையில் பேரம் பேசி, கருவிக்கு உறை ஒன்றை இலவசமாக வாங்கிக்கொண்டிருந்தாள்.]

5

அக்கா போய்ச் சேர்ந்தாள். மறுநாள் என் அலுவலகத்துக்கு மாமா வந்தார். குரல் இறங்கிக் கிடந்தது; அவர் பேசியது பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"அவ பிளேன் எறங்கற நேரம் பாத்து அனுப்பிட்டேன்டா. எப்பவும் போலத்தான், வெறுமையா. பதிலே வரல."

"பாக்காம இருந்திருப்பா மாமா."

"உனக்கெல்லாம் மின்னஞ்சல் போடறா இல்ல?" என்றார். நான் காபி வாங்கிவர எழுந்தேன்.

போட்டிருந்தாள்தான். இப்படி: "இறங்கியதும் நானே அனுப்பலாம் என்று இருந்தேன். எதற்கும் அவரிடமிருந்து வந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எப்போதும் முதலில் இறங்கிவருகிற மனுஷன். நிஜமாகவே மனசு விட்டுப்போச்சு போல. நான் அனுப்பி, அதற்கும் பதில் வராவிட்டால்? இந்த வேலையே வேண்டாம் என்று திரும்பி வந்துடட்டுமாடா?"

அவர் அனுப்பியிருக்கிறார், அவளுக்கு வரவில்லை. உடனே கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அனுப்பறது எல்லாம் ஒழுங்கா போகும் சார். வர்ற செய்தி வெறுமையா இருந்தா மட்டும், குப்பைன்னு நெனச்சு சத்தம் காட்டாம ஒதுக்கி வெச்சுடும். ஏன் சார், வெறும் செய்தி யாரு சார் அனுப்பறா?"

யார் அனுப்புவார்கள்? என் மாமா அனுப்புவார்! கடையில் நாங்கள் அனுப்பிப் பார்த்தோமே தவிர, வருகிறதா என்று பார்க்கவில்லை. இந்த முறை தோற்கப்போவது தான்தான் என்று அக்கா அவ்வளவு உறுதியாக இருந்திருக்கிறாள்.

6

முடிவுகளை யோசித்துப் பார்த்தேன்.

ஒன்று: நான் அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்கிறேன். இது தரகு. சட்டப்படி செல்லாது. அதைவிட, மாமா தோற்றதை என் வாயால் கேட்டால் அக்காவுக்கு அது தோற்றதாகவே ஆகாது.

இரண்டு: மாமா இன்னொரு முறை அனுப்புகிறார், இம்முறை ஏதாவது எழுதி. கேட்டுப் பார்த்தேன். "தோத்ததுக்கு அப்புறம் பேசறதுக்கு என்னடா இருக்கு?" என்றுவிட்டார்.

மூன்று: அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு… இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்போதுதான் தோன்றியது. செய்தி சொன்னால்தானே தரகு? கதை எழுதினால் யார் என்ன கேட்க முடியும்? வழக்கம்போல என் முதல் வாசகிக்கு மின்னஞ்சலில் அனுப்பப்போகிறேன், அவ்வளவுதான். அந்தத் தடிமனான கருவியில் தமிழ் கட்டம் கட்டாமல் தெரியும் என்பதை நாங்களே சோதித்திருக்கிறோம்.

மற்ற வாசகர்கள் தயவுசெய்து கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். குடும்ப விஷயம்.

7

அக்கா, இதை எழுத உன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன். செய்திகளுக்குக் கீழே 'ஒதுக்கியவை' என்று ஒரு பெட்டி இருக்கிறதாம், கடைக்காரர் சொன்னார். அதைத் திற. வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை, நான் தரகன் இல்லை.

இந்தக் கதைக்கு முடிவு இரண்டே சொல். அதை எழுதும் அதிகாரம் எனக்குக் கிடையாது. நான் எழுதினால் உன் புருஷன் நம்பவும் மாட்டார்.

நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டுகிற மனுஷன், இப்போது சமையலறையில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போனை அடுப்பு மேடையில் கண்ணெதிரே வைத்திருக்கிறார். நான் மேசையிலிருந்து அவர் நாற்காலியை மட்டும் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்திருக்கிறேன்.