ரூபனுக்கு வந்த கல்

என் புருஷன் பாஸ்கரன் பொய் சொல்ல வேண்டிய இடத்தில் உண்மையைச் சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் பொய் சொன்னார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு ரூபன். பம்பாய்ப் பக்கத்து ஆள். பாஸ்கரனோடு ஃபேக்டரியில் ஒரே ஷாப்பில் வேலை. பேரை வைத்து எல்லோரும் அவரைக் கிறிஸ்தவர் என்றே நினைத்தார்கள். யூதர் என்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் அவர் மனைவி லேயா விளக்கு ஏற்றுவாள், இந்தப் பக்கம் நானும் ஏற்றுவேன். அதற்கு மேல் நான் எதையும் துருவியதில்லை.

எண்பத்தேழு மே மாத வெயிலில் ஒரு காலை, ரூபன் மெஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இருட்டுவதற்குள் புதைக்க வேண்டும், அதுதான் எங்கள் முறை என்று லேயா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பட்டணத்தில் அவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. நெமிலிச்சேரிப் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் பாஸ்கரன் போய்க் கேட்டார். ரூபன் என்ற பேரைக் கேட்டதும் குழி வெட்டிவிட்டார்கள்.

எங்களில் பெண்கள் அங்கெல்லாம் போவதில்லை. லேயா வருகிறேன் என்றுதான் எழுந்தாள். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

அங்கே குழிக்குத் தலைமாட்டில் சிலுவை நடப் போயிருக்கிறார்கள். சிலுவை வேண்டாங்க, இவர் யூதருங்க, உங்க பைபிளில் வருகிற ஜனம்தானே என்று இந்த மனுஷர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். குழி வெட்டிய ஆள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"யேசுவ கொன்ன ஜனத்துக்கா நான் குழி வெட்னேன்? எட்த்துகினு போ நைனா."

கல்லறைத் தோட்டத்துக் கமிட்டி ஆட்களும் அதையேதான் சொன்னார்கள். கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் மதிலுக்கு வெளியே, குப்பை மேட்டோரம் புதைத்துவிட்டு வந்தார்கள். லேயாவிடம், உள்ளே வேப்பமரத்தடியில் நல்ல இடம் என்று பாஸ்கரன் சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வருஷம் திரும்புவதற்குள் கல் வைக்க வேண்டுமாம். பம்பாயிலிருந்து ரயிலில் வந்தது, அவர்கள் எழுத்தில் ரூபன் பேர் வெட்டியது. பாஸ்கரன்தான் தூக்கி வந்து எங்கள் கொல்லையில் இறக்கினார். இனியும் மறைப்பதா என்று நானே லேயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மூவரும் போனோம். குப்பை மேடு மதில் நெடுகப் பரவியிருந்தது, பன்றிகள் கிளறிக்கொண்டிருந்தன. பாஸ்கரன் இங்கே என்றார், இல்லை அங்கே என்றார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க அண்ணா?"

"யூதர்னுதாம்மா சொன்னேன்."

"நான் வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா எந்த இடம்னு பாத்து வெச்சிருப்பேன் அக்கா."

அந்த மாதமே பம்பாய்க்குப் போய்விட்டாள். கல்லை எடுத்துப் போகவில்லை, அங்கே வைக்க அவர் இல்லையே என்றாள். அது எங்கள் கொல்லைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன் முன்னால் ஒரு விளக்கு வைக்கிறேன். அவர் எங்கே கிடக்கிறார் என்று எனக்கும் தெரியாது.