இரண்டு துணைக் குழாய்கள்

திங்கட்கிழமை காலை கிருமி நீக்கும் நீராவிக் கலனிலிருந்து குடுவைகளை எடுத்து அடுக்கி முடித்த டூகல், கோட்டுப் பையிலிருந்து ஒரு பழைய சோடா பாட்டிலை எடுத்து ஆய்வாளர் இஷ்பெல்லின் மேசைமேல் வைத்தான்.

“என்ன டூகல், காலையிலேயே விருந்தா?”

“எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி, டாக்டரம்மா. லீத் துறைமுகப் பக்கம் இருக்கிற அந்தப் பழைய கட்டடத்துல ஈயக் குழாயை மாத்தினாங்களா இல்லையான்னு வீட்டுக்காரனுக்கே தெரியாது. தண்ணி வாரியத்துல கேட்டா மூணு வாரம் ஆகும்ங்கறாங்க. பாப்பாவுக்குப் புட்டிப்பால் கலக்கணும், ஈயம் பிஞ்சு மூளைக்கு விஷம். கடைத் தண்ணிய மூணு மாடி தூக்கித் தூக்கி என் முதுகு என்கூடப் பேசறதையே நிறுத்திடுச்சு.”

டூகல் அந்த ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறவன். நுண்ணுயிர்களுக்கு உணவுக்கஞ்சி காய்ச்சுவதும் அவன்தான். நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. ஐல்சாவுக்கு அன்று ஒன்பது வாரம். இஷ்பெல் இன்னும் டாக்டர் பட்டம் வாங்கவில்லை. அவன் மட்டும் முதல் நாளிலிருந்தே கொடுத்துவிட்டான்.

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் அப்போது செயற்கை உயிரியல் என்ற சொல் எல்லார் வாயிலும் புரண்டது. பத்து வருடம் முன்பு அதைச் சொன்னால் சிரித்தவர்களே இப்போது அரசின் முன்னுரிமைப் பட்டியலில் அது இருப்பதைப் பெருமையாகச் சொன்னார்கள். மரபணுத் துண்டுகளைக் கடிகார உறுப்புகள் போலக் கோத்து, உயிருக்குப் புதிய வேலை கற்றுக்கொடுக்கும் துறை அது. இஷ்பெல் கோத்திருந்த பாக்டீரியா, தண்ணீரில் ஈயம் இருந்தால் சிவக்கும். வியாழக்கிழமை, இந்தத் துறைக்கு நிதி ஒதுக்கி விதி எழுதும் அரசுக் குழு ஒன்று லண்டனிலிருந்து அதைப் பார்க்க வருகிறது. குழுவுக்குப் பிடித்தால் புதிய ஆய்வு மையம் வரும்; இஷ்பெல்லுக்கு இன்னும் மூன்று ஆண்டு வேலை. இல்லையென்றால் கோடையோடு மூட்டை கட்டவேண்டியதுதான்.

ஒரு சோதனைக்கு எப்போதும் பாக்டீரியா விட்ட மூன்று கண்ணாடிக் குழாய்கள் வைக்கவேண்டும். ஈயம் கலந்த நீர் உள்ள குழாய் சிவக்கவேண்டும். தூய நீர் உள்ளது சிவக்கக்கூடாது. இந்த இரண்டு துணைக் குழாய்களும் சரியாக நடந்துகொண்டால்தான் மூன்றாவது சொல்வதை நம்பலாம். அன்று இஷ்பெல்லுக்கு ஆயிரம் வேலை. தெரிந்தவருக்குச் செய்யும் சின்ன உதவிதானே என்று டூகலின் தண்ணீரை மட்டும் ஒற்றைக் குழாயில் ஊற்றிவைத்தாள். மதியம் பார்த்தபோது அது பளிங்குபோல் தெளிந்திருந்தது.

“ஈயம் இல்ல டூகல். தாராளமாக் குடுங்க.”

“என் முதுகு உனக்கு நன்றி சொல்லச் சொல்லுது” என்றான் அவன்.

புதன்கிழமை காலை ஒத்திகை. குழுவுக்கான ஒத்திகை என்பதால் துணைக் குழாய்கள் இரண்டையும் வைத்தாள். மூன்று மணி நேரம் கழித்தும் ஈயம் கலந்த குழாய் சிவக்கவில்லை.

இஷ்பெல் குழாயை ஒளியில் தூக்கிப் பார்த்தாள். காரணம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் உறைபெட்டியில் காத்துவைத்த மூல பாக்டீரியாவிலிருந்து புதிதாக வளர்த்திருக்கவேண்டும். அவளோ அவசரத்தில் மூன்று வாரமாக நேற்றைய குடுவையிலிருந்தே இன்றைய குடுவைக்கு மாற்றிவந்தாள். நாம் கோத்துக் கொடுக்கும் வேலை அந்த நுண்ணுயிருக்கு ஒரு சுமை. சுமையை எங்கோ உதறிவிட்ட ஒன்றிரண்டு வேகமாகப் பெருகி, சுமந்தவற்றை ஓரங்கட்டிவிட்டன; உதறியவை ஈயத்தைக் கண்டாலும் சிவக்கமாட்டா. அப்படியானால் திங்கட்கிழமைக் குழாய் தெளிந்திருந்ததற்கு அர்த்தமே இல்லை.

நடந்ததை அவள் சொல்லக் கேட்டு, ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் ஃபர்கஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் அல்ல, பதினோரு ஆண்டு இந்த நாளுக்காக உழைத்தவர்.

“உறைபெட்டியிலேருந்து எடுத்து இப்பவே வளர்க்கப் போடு. நாளைக்கு அழகாச் சிவக்கும்.”

“டூகல்கிட்ட?”

“நாளைக்கு அவங்க கிளம்பினதும் சொல்லிக்கலாம். அவன்கிட்டச் சொன்னா காபி ஆறறதுக்குள்ள அஞ்சு மாடிக்கும் தெரிஞ்சுடும். ஒரே ஒரு நாள் இஷ்பெல்.”

உறைபெட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப் போட்டுவிட்டு, அவள் உணவறைக்குப் போய்ப் பார்லி சூப்பின் முன் உட்கார்ந்தாள். வடமேற்கே உள்ள லூயிஸ் தீவில் வளர்ந்தவள். உண்ணுமுன் கண்மூடி ஆண்டவருக்கு நன்றி சொல்லும் வழக்கத்தை நகரத்துக்கு வந்தும் அவள் விட்டதில்லை. அன்று கண்ணை மூடினாள். ‘இந்த உணவுக்காக’ என்ற சொல் வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. ஒன்பது வாரக் குழந்தையின் புட்டிதான் கண்ணுக்குள் நின்றது. கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

டூகல் பாட்டுப் பாடிக்கொண்டே குடுவை கழுவிக்கொண்டிருந்தான்.

“டூகல், வீட்டுக்கு இப்பவே போன் பண்ணுங்க. பாப்பாவுக்குக் குழாய்த் தண்ணி வேண்டாம். நான் சொன்னது தப்பு.”

தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் பேசினான். பேசி முடித்து அவள் பக்கம் திரும்பினான்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. அது மந்திரி வீட்டுத் தண்ணியா இருந்தா, அந்த ரெண்டு குழாயையும் வெச்சிருப்ப இல்ல?”

அவள் தலையாட்டினாள்; கண் நிறைந்து வழிந்தது. அவன் ஒரு குடுவையைக் கழுவிக் கவிழ்த்தான். “சரி, அழாத. சொல்லாம இருந்திருக்கலாம், வந்து சொன்ன. பாட்டில்ல மிச்சத் தண்ணி இருக்கில்ல?”

வியாழக்கிழமை பதினொரு மணி. குழுவினர் மேசையைச் சுற்றி நின்றார்கள். இஷ்பெல் விடியற்காலையிலேயே வந்து வைத்த மூன்று குழாய்களை ஒளியில் தூக்கிக் காட்டினாள். ஈயம் கலந்த குழாய் சிவந்திருந்தது. தூய நீர் தெளிவாக இருந்தது. மூன்றாவதும் சிவந்திருந்தது.

“அது எந்தத் தண்ணீர்?” என்றார் குழுத் தலைவி லோர்னா.

ஃபர்கஸ் இஷ்பெல்லைப் பார்த்தார். கதவருகே குடுவைத் தட்டோடு டூகல் நின்றிருந்தான்.

“எங்களோட வேலை செய்யற ஒருத்தர் வீட்டுத் தண்ணி. திங்கட்கிழமை இதே தண்ணியில ஈயம் இல்லைன்னு நான்தான் சொன்னேன். அவர் குழந்தை ரெண்டு நாள் இதைக் குடிச்சிருக்கு.” இஷ்பெல் செய்த தவறை ஒன்று விடாமல் சொன்னாள்.

பேனாவை மூடிவைத்துவிட்டு லோர்னா கேட்டார்: “நாங்க கேக்கவே இல்லையே. ஏம்மா சொன்னீங்க?”

“நீங்க இந்தத் துறைக்கு விதி எழுதப் போறீங்க. உயிருக்குப் புது வேலை கத்துக்குடுக்க எங்களுக்குத் தெரியும். அது சுமையை எப்ப உதறும்னு முழுசாத் தெரியாது. அதையும் எழுதிக்கணும்.”

ஃபர்கஸ் மேசையருகே வந்து நின்றார். பிறகு, “ஒரு நாள் பொறுக்கச் சொன்னவன் நான். அதையும் எழுதிக்குங்க” என்றார்.

மையம் வருமா வராதா என்று அன்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் மருத்துவர் ஐல்சாவின் இரத்தத்தைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். இறைவனின் கருணை அது. அடுத்த வாரம் இஷ்பெல்லே ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்த மூன்று மாடி ஏறினாள். கதவைத் திறந்த டூகல், “என் முதுகு உன்னை மன்னிச்சுடுச்சு டாக்டரம்மா” என்றான்.

கேனை இறக்கிவைத்து மூச்சு வாங்கியபடி அவள் சொன்னாள்: “சின்ன உதவிதானேன்னு அளவைக் குறைச்சேன் டூகல். அப்படிக் குறைச்சா அது உதவியே இல்ல. மந்திரிக்கு எத்தனை குழாயோ, குடுவை கழுவறவருக்கும் அத்தனை குழாய். இது தெரியாதவங்க கையில எந்தப் புது அறிவும் பத்திரமா இருக்காது.”