திருப்பி விட்ட எண்

நூர்னிசா மறுபடியும் அந்த எண்ணை அழுத்தினாள். ராஜபாளையம் ஆபீஸ் எண். மறுபடியும் எங்கேஜ்டு.

ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கேஜ்டு வராமல் என்ன செய்யும்? அந்த எண்ணுக்கு வருகிற போன் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இவள் வீட்டுக்கல்லவா திருப்பி விடப்பட்டிருக்கிறது. இத்தனை நேரம் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அங்கே அண்ணன் பிச்சை முகம்மது தனியாக உட்கார்ந்திருக்கிறான். ஆபீசை நோக்கி ஒருவன் வந்துகொண்டிருக்கிறான். அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

செத்த நேரத்துக்கு முன்புதான் போன் அடித்தது. எந்தப் போனை எடுத்தாலும் சொல்கிற மாதிரிதான், "வணக்கம், சுப்புராஜ் பேண்டேஜ்" என்றாள்.

"நூர்னிசாதான? குரல் தெரியுதா?"

தெரிந்தது. காளிராஜ்.

"நாளைக்குக் கோர்ட்டுல இதே குரல அடையாளம் சொல்லப் போறியாம்லா. தனியாத்தான இருக்க? பொறவாசல் தொறந்துதான கெடக்கு? வாரேன். நேர்ல பேசிக்கிடுவோம்."

வைத்துவிட்டான்.

காளிராஜ் அந்தக் கம்பெனியில் குடோன் சூப்பர்வைசராக இருந்தவன். முதலாளி சுப்புராஜ் மாதிரியே போனில் பேசி, ஒரு லாரி பேண்டேஜ் துணியை வெளியே ஏற்றவைத்தவன். அப்போது ஆபீசில் போன் எடுக்கிற வேலை பார்த்த நூர்னிசாதான் அந்தப் போனை எடுத்தவள். வேறு சாட்சி கிடையாது.

அவன் வேலையை விட்டுத் துரத்தப்பட்ட பிறகுதான் இவளுக்குக் குழந்தை பிறந்தது. போனில் ஆர்டர் எடுக்க வேறு ஆள் சரிப்படவில்லை. வருகிற போனை இன்னொரு லைன் வழியாக இவள் வீட்டோடு இணைத்துப் பார்த்தார் சுப்புராஜ். ஒருவர் பேசி முடிக்கும்வரை இரண்டு லைனும் மாட்டிக்கொண்டது; அதற்குள் கூப்பிட்ட பார்ட்டிகள் வேறு கம்பெனிக்குப் போனார்கள். அப்புறம் ஊருக்கு எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. காலையில் பிச்சை முகம்மது சில எண்களை அழுத்தி வைத்துவிட்டால் போதும். எக்ஸ்சேஞ்சே திருப்பி விட்டுவிடும். ஆபீஸ் போன் மணி அடிக்காது, லைனும் காலியாகவே கிடக்கும். அங்கிருந்து வெளியே பேசலாம். வெளியிலிருந்து அங்கே பேச முடியாது.

"வீட்டுல இருந்து பேசுறேன்னு ஒரு பய கிட்டயும் சொல்லக்கூடாதும்மா" என்று சுப்புராஜ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே கூப்பிடுகிற எல்லாருக்கும் அவள் ராஜபாளையத்தில்தான் இருக்கிறாள். காளிராஜுக்கும்.

ஆபீசின் பின்கதவு லாரிக்காக மாலை முழுக்கத் திறந்தே இருக்கும். அது அவனுக்குத் தெரியும். இவளைத் தேடி அதற்குள் நுழைகிறவன் கையில் அண்ணன்தான் சிக்குவான்.

ஆபீசுக்குப் பக்கத்தில் பஞ்சுக்கடை வைத்திருந்த சங்கரலிங்கத்தின் எண் நினைவுக்கு வந்தது. அழுத்தும்போது விரல் இரண்டு தடவை தவறியது.

"அண்ணாச்சி, நூர்னிசா பேசுதேன். எங்க அண்ணன் இருக்கானா?"

"இருக்கான், இருக்கான். மத்தியானம் புடிச்ச போன இன்னும் கீழ வைக்கல. பொண்ணு கிண்ணு பாக்கானோ என்னமோ."

"வெளையாடாதிய அண்ணாச்சி. காளிராஜ் அங்க வாரான். பொறவாசலப் பூட்டச் சொல்லுங்க. நாலு ஆளக் கூட்டிக்கிட்டுப் போங்க. அண்ணன உடனே எனக்குப் போன் போடச் சொல்லுங்க."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "வையி தாயி. நான் பாத்துக்கிடுதேன்."

காத்திருந்தாள். கணவன் பீர் மைதீன் சரக்கெடுக்கத் தென்காசி போயிருந்தான். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொன்னார்கள். வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எழுந்து லைட்டைப் போடக்கூடத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து மணி அடித்தால்?

பின்கட்டில் தொட்டில் லேசாக அசைகிற சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குப் பிறகு ஒரு போன்கூட வராததால், குழந்தையின் துணிகளை நிம்மதியாகத் துவைத்துக் கொல்லையில் காயப்போட்டிருந்தாள். குழந்தைக்குக் காற்று வரட்டும் என்று கொல்லைக் கதவைச் சாத்தவில்லை.

மணி அடித்தது. அவனாக இருந்தால்? எடுத்தாள்.

"ஏட்டி, நாந்தான்." பிச்சை முகம்மது. "கதவெல்லாம் பூட்டியாச்சு. அண்ணாச்சி ஆளுவளோட கம்பும் கையுமா நிக்காரு. இங்க ஒரு பயலையும் காணோம்."

 சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அல்லா காப்பாத்தினான். நல்லவேளை, அவன் ஆபீஸ் நம்பருக்குப் போட்டது டைவர்ட் ஆகி இங்க வந்துச்சு. இல்லேன்னா நமக்கு எப்படித் தெரியும்?"





"அவன் எப்பம் போட்டான்?"

"இப்பந்தான். பாங்குக்குக் கொஞ்சம் முந்தி."

பின்கட்டில் தொட்டில் அசைகிற சத்தம் நின்றது. கொல்லைக் கதவு கிரீச்சிட்டது. காற்றுதான் என்று நினைத்தாள்.

"நூரு, நான் சொல்லுததக் கேளு." அண்ணனின் குரல் மாறியிருந்தது. "மதுரைப் பார்ட்டி என்கிட்டதான் பேசுவேன்னு நின்னான். ஒங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன். மத்தியானமே டைவர்ட்ட எடுத்துட்டேன், தாயி. அவன் போட்டது ஒன் வீட்டு நம்பருக்கு."