ஆளுக்கொரு காது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கால்வலியில் பிறந்தது. போன வருஷம் வெளிநாட்டில், உலகமே போய்ப் பார்க்கும் ஒரு பழைய நகரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே, இனி ஓரடி வைக்க முடியாது என்று ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே நடுத்தர வயதில் ஒரு கணவன் மனைவி, இடத்தின் கதையைச் சொல்லும் ஒரே ஆடியோ கருவியின் ஒயரை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே தெருவில்...

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே முழுசாகப் படித்ததில்லை.

கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஊர் திரும்பியதும் பிரிந்துவிடுவதாகப் பேசி முடித்தாயிற்று. இந்தச் சுற்றுலாவுக்கு டிக்கெட் அதற்கு முன்பே போட்டது, ரத்து செய்ய வழியில்லை. (காரணம் கேட்காதீர்கள். மூன்று எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். இத்தனை வருஷ அலுப்பு ஒரு காரணத்துக்குள் அடங்குமா?)

நுழைவாசலில் வாடகைக்கு ஒரு கருவிதான் மிச்சமிருந்தது. ஒயர் குட்டை. தோள் உரசாமல் நடக்க முடியாது.

3

பாதியில் சார்ஜ் தீர்ந்து கருவி அடங்கிவிட்டது. டீச்சர் ஒயரைக் கழற்றப் போனார். கழற்றவிட்டு, ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிட்டு, கதையை முடித்து நானும் படுக்கலாம் என்றிருந்தேன். கடைக்காரர்தான் கெடுத்தார். கூரையில்லாத ஒரு வீட்டைக் காட்டி, கருவி விட்ட இடத்திலிருந்து அவரே ஆரம்பித்தார்.

"இந்த வீட்ல ஒரு வைத்தியன் இருந்தான். ஊருக்கெல்லாம் மருந்து குடுப்பான். வீட்டுக்கு வந்தா வாயே தொறக்கமாட்டான்."

"புளுகாதீங்க. மெஷின் நின்னுபோய் எவ்வளவு நேரமாச்சு!"

"தெரிஞ்சுபோச்சா?"

"நான் டீச்சர். கதை அளக்கறவங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

ஆனாலும் ஒயரைக் கழற்றவில்லை.

"சரி, அவன் பொண்டாட்டி?"

"அவ பேசிப் பேசிப் பாத்தா. அப்புறம் விட்டுட்டா. அவ விட்டுட்டான்னே அவனுக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சுது."

டீச்சருக்குக் கண் கலங்கியது. (வெயில் என்று எழுதிப் பார்த்தேன். பொய். அழுகைதான்.)

"அப்புறம்?" என்றார்.

4

முதல் முடிவு: வாசற்படியில் உட்கார்ந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்து, இருவரும் சிரித்து... சே, திகட்டுகிறது.

இன்னொன்று: திரும்பும் பஸ்ஸில் தனித்தனி இருக்கை. இதை எழுதக் கை வரவில்லை.

டீச்சர் அவரிடம் 'அப்புறம்?' என்று கேட்டு எத்தனை வருஷமாயிற்று! பாவம், மனுஷன் அடுத்த வரிக்கு என்னைப் பார்க்கிறார். என் சரக்கு தீர்ந்துவிட்டது. கால் வேறு விண்விண் என்று தெறிக்கிறது. அங்கே பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். ஒயர் இன்னும் இரண்டு காதிலும் இருக்கிறது. டீச்சர் காத்திருக்கிறார்.

நீங்களாவது கடைக்காரருக்கு ஒரு வரி எடுத்துக் கொடுங்களேன்.